ஹெரால்டில் ஆம்னி எஞ்சின் வைக்கலாமா?

14 ஜூன் 2025, திருப்பூரிலிருந்து வந்த கேள்வி

தாத்தா வாங்கிய பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 2 கார் எங்கள் ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் ஜாம். இங்கே ஒரு மெக்கானிக், பழைய எஞ்சினுக்கு ஸ்பேரே கிடையாது, மாருதி ஆம்னி எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றினால் அடுத்த மாதமே ரோட்டில் ஓடும் என்கிறார். நானும் அவர் பக்கம்தான். ஓடாமல் அழகாக நிற்பதைவிட எந்த எஞ்சினிலாவது ஓடுவது மேல். ஒரிஜினல், ஒரிஜினல் என்று பேசுகிற அண்ணன்கள் பாதிப் பேர் வண்டியைத் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார்கள். மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

14 ஜூன் 2025, இரவு

மறுக்கிறேன்.

ஜாம் என்று எதை வைத்துச் சொன்னார்? செல்ஃப் எடுக்கவில்லை என்றா? பல வருடம் நின்ற வண்டியில் ஏதோ ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கை வைக்காதீர்கள். அப்புறம் பிளக் போடாமலே, நான்காம் கியரில் வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. ரிங் ஒடிந்தால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும், அப்போதுதான் உண்மையிலேயே செலவு.

ஸ்பேர் கிடையாது என்பது சென்னைப் புதுப்பேட்டை ஸ்பேர் கடைகள் வரைக்கும் சரி. அதற்கு அப்பால் சரியில்லை. உங்கள் 948 சிசி எஞ்சின் ஸ்டாண்டர்ட் டென் காலத்திலிருந்து வந்தது. ஹெரால்டு குடும்பத்தில்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் பிறந்தது. அந்த ஸ்பிட்ஃபயரை ஓட்டுகிற கூட்டம் இங்கிலாந்தில் இன்னும் பெரியது. அவர்கள் இருக்கிற வரை பேக்கிங், பேரிங், வாட்டர் பம்ப், யூ.ஜே. கிராஸ் எல்லாம் அங்கே கடையில் கிடைக்கும். சுங்க வரி வலிக்கும், அது வேறு கதை.

15 ஜூன் 2025

நேற்று விட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கம்பெனி குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. புக்கில் இருப்பதற்கும் மாறாக வண்டி இருக்கக் கூடாது. உங்கள் ஆர்.சி.யில் ஹெரால்டு எஞ்சின் நம்பர் இருக்கும், பானெட்டைத் திறந்தால் மாருதி நம்பர் இருக்கும். ரோட்டில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பார் மெக்கானிக். விபத்து நடந்த பிறகு திறந்து பார்ப்பார்கள்.

18 ஜூன் 2025

"அப்படியானால் எதை மாற்றலாம்?" என்று திருப்பூர்த் தம்பி கேட்டிருக்கிறார். என் கணக்கு எளிது. போல்ட்டைக் கழற்றி மறுபடி பழையபடி ஆக்க முடிந்தால் மாற்றலாம். வெட்டினால்தான், துளை போட்டால்தான் ஆகும் என்றால் வேண்டாம். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டுக்கொள்ளுங்கள், பழைய டைனமோவையும் கட்-அவுட்டையும் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். 5.20-13 பழைய மாதிரி டயருக்கு அலையாமல் 13 இன்ச் ரேடியல் போடுங்கள். சீட் பெல்ட் கட்டாயம் போடுங்கள், துளை போட்டாவது. (கணக்கு இங்கேயே உடைகிறது, தெரியும். உயிர் விஷயத்தில் என் கணக்கு செல்லாது.)

ஆம்னி எஞ்சின் ஏற்ற வேண்டுமென்றால் மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், கியர் லீவருக்குத் தரையில் புதிதாக ஓட்டை போட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும். எதையும் திரும்பப் பெற முடியாது.

19 ஜூன் 2025

ஹெரால்டு வீட்டிலேயே பிரிக்கத் தோதான கார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1959இல் இங்கிலாந்தில் இது வந்தபோது மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸிஸ் இல்லாத ஒற்றை உடம்புக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. பெரிய பாடியை ஒரே துண்டாக அடிக்க வழியில்லை. அதனால் தனிச் சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் பாடி என்று போனார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜோவானி மிக்கெலோட்டி. பெட்டியில் பாகங்களாக அனுப்பி வெளிநாட்டில் பூட்டவும் அதுவே வசதி. 1961 முதல் நம் சென்னைப் பெருங்களத்தூர் ஆலையில் பூட்டினார்கள்.

இரண்டு பக்கக் கொக்கியை விடுவித்தால் மூக்கு முழுவதும் முன்னால் சாய்ந்துகொள்ளும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய காரில் ஒரு பல்பு மாற்ற பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

துரு எங்கே பார்ப்பது? பளபளப்பை விட்டுவிட்டுக் கீழே படுங்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அதிலும் பின்பக்கம் இருப்பவை, முதலில் போகும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் டங் என்று கேட்க வேண்டும். டொப் என்றால் உள்ளே ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. டிங்கரிங் ஆட்கள் பட்டியில் சேஸிஸையே சமைத்துவிடுவார்கள்.

23 ஜூன் 2025

எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஹெரால்டு ஆளைக் கவிழ்ப்பது எஞ்சினால் அல்ல, ட்ரன்னியனால். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. இடதுக்கு ஒரு மரை, வலதுக்கு எதிர் மரை. மாற்றிப் பூட்டாதீர்கள். இதற்குத் தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அல்ல, ஆயில்! ஒர்க்‌ஷாப் மேனுவலிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிப்பிளைப் பார்த்த உடனே கிரீஸ் கன்னை வைப்பது நம் ஊர்ப் பட்டறை வழக்கம். அம்பாசிடருக்கு வைத்துப் பழகிய கை. கிரீஸ் மரையின் அடி வரைக்கும் இறங்காது. நாளாக ஆகக் கெட்டிப்பட்டு வழியை அடைக்கும். மழைத் தண்ணீர் உள்ளே தங்கித் தண்டைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஒடிவது பெரும்பாலும் நின்ற இடத்தில், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது. மளுக்கென்று ஒரு சத்தம், சக்கரம் படுத்துவிடும். ரோட்டில் வேகத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

எந்த எஞ்சின் வைத்தாலும் இதை முதலில் கழற்றிக் கழுவிப் பாருங்கள். தண்டின் மரையில் குழி விழுந்திருந்தால் மலிவாகப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஆம்னி எஞ்சின் யோசனை சொன்ன மெக்கானிக்கிடம் "ட்ரன்னியனுக்கு என்ன விடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

24 ஜூன் 2025

தம்பி மெக்கானிக்கிடம் கேட்டாராம். "என்ன சார், வழக்கம்போல கிரீஸ்தான்" என்றாராம்.

2 ஜூலை 2025

நான் எழுதியதை நானே மறுபடி படித்தேன். "ஒரிஜினல்" என்று நான் கத்துவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. யாரும் பிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது மார்க் 3. நான்கு கதவு. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டே கிடையாது. இந்தியக் குடும்பம் பின்சீட்டுக்கு ஏறுவதற்காக 1968இல் நம் ஆட்கள் பாடியைத் தாங்களே மாற்றிச் செய்தது. ஆங்கிலேய ஹெரால்டுக்காரர் ஒருவர் பார்த்தால் "யார் இதை வெட்டி ஒட்டியது?" என்பார். அப்புறம் 1972இல் கெஸல் என்ற அடுத்த மாடல் வந்தது. எஞ்சின் அதே 948. ஆனால் பின்னால் குறுக்கே இருந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கையும் தனித்தனியாக ஆடும் சக்கரங்களையும் தூக்கிவிட்டு, சாதாரண ஆக்ஸில் வைத்தார்கள். நம் ரோட்டுக்கும் நம் பட்டறைக்கும் அதுதான் தாங்கும்.

உச்சம் ஸ்டாண்டர்ட் 2000. 1985இல் வந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் அதற்குள் 3.5 லிட்டர் வி8 உறுமியது. சென்னையில் அதை எடுத்துவிட்டு உள்ளே வைத்தது என்ன? பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு கார் எஞ்சினின் 1991 சிசி வடிவம். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடிய அதே எஞ்சின் குடும்பம்! கம்பெனியே எஞ்சின் மாற்றி விற்றது. 1988இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் போனால் ஐ.டி. கட்டடங்கள்.

ஆக, மாற்றுவது இந்தக் காரின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று தம்பி வாதாடலாம். வாதாடினால் என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில்தான் இருக்கிறது: கம்பெனி செய்தது கணக்குப் போட்டு, வரைபடம் வைத்து. உங்கள் மெக்கானிக் செய்யப்போவது கேஸ் கட்டிங் வைத்து.

3 ஜூலை 2025

கும்பகோணத்து அண்ணன் ஒருவர் அம்பாசிடரில் இசுசு எஞ்சின் போட்டதைச் சொல்லிக் கேட்கிறார், அதுவும் தப்பா என்று. அண்ணே, 1.8 லிட்டர் இசுசுவை இந்துஸ்தான் மோட்டார்ஸே அதே பாடியில் போட்டு விற்றது. மவுண்டிங், ஷாஃப்ட் எல்லாம் கம்பெனிப் பொருளாகவே கிடைத்தது. நீங்கள் செய்தது ஒரு தலைமுறை முன்னே தள்ளியதுதான். ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்கள் அல்லவா? பிறகென்ன.

12 ஜூலை 2025

திருப்பூர் எஞ்சின் அசைந்துவிட்டது. மூன்றாம் சிலிண்டர்தான் ஒட்டியிருந்ததாம். தம்பி, உடனே ஸ்டார்ட் போடாதீர்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, தார் மாதிரி இருக்கும் பழைய ஆயிலை வழித்தெடுங்கள். இன்னொன்று: ஒருவரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்பக்க கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க்கை அப்படி நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கீழே விழுந்தால் பிளாக்கே போகும். ட்ரையம்ஃப் எஞ்சின்களின் பரம்பரை வியாதி. சம்ப் திறந்திருக்கும்போதே மாற்றிவிடலாம்.

26 ஜூலை 2025

தம்பி எஞ்சின் ஹெட்டைக் கழற்றிவிட்டார் என்றால், வால்வ் சீட்டையும் கடினமான உலோகத்தில் போட்டுவிடச் சொல்கிறேன். இந்த எஞ்சின் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது, அதுதான் சீட்டைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் அது நின்றது. வாரம் ஒரு முறை மெதுவாக ஓட்டுகிறவருக்குப் பெரிய அவசரம் இல்லை. ஆனால் ஹெட் கையில் இருக்கும்போது செய்யாமல் விடுவானேன்.

எத்தனாலைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய காருக்கு அது செய்வது மூன்று. ஒன்று, பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் இரண்டும் முதலில் போகும். சூடான மேனிஃபோல்டுக்கு மேலே ஹோஸ் ஒழுகினால் தீ. எத்தனால் தாங்கும் வைட்டன் ரப்பர் ஹோஸ் கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். இரண்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சென்னை மழைக்காலத்தில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க்கின் அடியில் தண்ணீரும் துருவும் சேரும். மூன்று, காற்றோடு சேரும் பெட்ரோல் கலவை மெலியும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டிப் பாருங்கள், பிளக்கின் நிறம் சொல்லிவிடும். வெளுத்திருந்தால் இன்னும் மெலிவு.

இதில் தண்ணீருக்கும் துருவுக்கும் ஒரு வைத்தியம் உண்டு, வண்டியை ஓட்டுவது. துணி போட்டு மூடுகிற அண்ணன்களைப் பற்றித் தம்பி சொன்னதில் இந்த இடத்தில் நான் தம்பி பக்கம்.

27 ஜூலை 2025

ஆமாம், என் வண்டியிலும் துணி உண்டு. பூனைக்காக.

30 ஆகஸ்ட் 2025

பழைய கார் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் ஏறிவிட்டது. 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். 15 வருடம் தாண்டியதற்கு ஏற்கெனவே 5,000 ஆக இருந்தது.

உடனே "விண்டேஜ் பதிவுக்குப் போய்விடலாமா?" என்று கேட்கிறார்கள். 2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால், வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் வரிசை உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இந்த மாதிரிக் காரணங்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை மாங்காட்டுக்கு அழைத்துப்போவது அந்தப் பட்டியலில் இல்லை.

என் முடிவு: கண்காட்சிக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவர் விண்டேஜுக்குப் போகட்டும். நான் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புலம்பிக்கொண்டே கட்டிக்கொள்கிறேன். ஆம்னி எஞ்சின் ஏற்றிய ஹெரால்டு அந்த வரிசைக்கே போக முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

21 செப்டம்பர் 2025

வண்டியை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு எப்படியோ வந்துவிட்டது.

கல்யாணம் என்றால் என் வழக்கம் இதுதான்: வண்டி வரும், கூடவே நானும் வருவேன், சாவி மட்டும் தனியாக வராது. பணம் வாங்குவதில்லை. சொந்தப் பதிவு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்பது ஒன்று. பணம் வாங்கினால் "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க சார்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை வந்துவிடும் என்பது மற்றொன்று. மாப்பிள்ளைக்கு ஏ.சி. இல்லாதது பிரச்சினையில்லை. மேக்கப் போட்ட பெண்ணுக்குத்தான் பாவம்.

ஷூட்டிங்குக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒருமுறை ஒரு குழு, மழைக் காட்சி என்று சொல்லாமலே லாரித் தண்ணீரை நாள் முழுவதும் அடித்தது. கதவுக்குள் தண்ணீர் தேங்கியது, கார்பெட் காயவே இல்லை. நம்பர் பிளேட்டில் ஒட்டிய டேப்பை உரித்தபோது பெயிண்டும் கூடவே வந்தது. கேட்டால் "படத்துல வண்டி சூப்பரா வந்திருக்கு சார்" என்றார்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் எந்த விதியும் இல்லை. தெருப் பிள்ளைகள் பானெட்டைச் சாய்க்கச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள். டிக்-டிக் என்று இண்டிகேட்டர் போடுகிற உரிமைக்குத்தான் சண்டை.

22 செப்டம்பர் 2025

கொல்லிமலைக்கு ஹெரால்டில் போகலாமா என்று நாமக்கல்லில் இருந்து கேட்டவருக்கு: போகலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார் இது. 70 கொண்டை ஊசியும் உங்கள் ஸ்டியரிங்குக்கு விளையாட்டு. ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். இறங்கும்போது எச்சரிக்கை. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை வெடுக்கென்று எடுத்தால், பின்பக்கம் எழும்பிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். முன்னமே கியரைக் குறைத்து, வளைவு முழுவதும் லேசாக மிதித்துக்கொண்டே போக வேண்டும். கெஸல் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு வேறு கவலைகள்.

19 அக்டோபர் 2025

தம்பியின் வண்டி ஸ்டார்ட் ஆன வீடியோ பார்த்தேன். புகை வருகிறது, வரட்டும். நீலப் புகை என்றால் ரிங் இன்னும் உட்காரவில்லை. கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு போரிங் பற்றி முடிவு செய்யலாம். அந்த மெக்கானிக் பக்கத்தில் நின்று சிரிக்கிறாரே, அவரேதானா? மனிதர் கற்றுக்கொள்கிறார் என்றால் விட்டுவிடாதீர்கள். இந்த எஞ்சினைத் தொட ஆள் இல்லாமல் போவதுதான் ஸ்பேர் இல்லாததைவிடப் பெரிய தொல்லை. எங்கள் குரோம்பேட்டைப் பக்கம் பெருங்களத்தூர் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் கதவை மூடுகிற சத்தத்தை வைத்தே கீல் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்லுவார். அவர் சொல்வதை நான் போனில் பதிந்து வைத்துக்கொண்டு வருகிறேன், பாதி நேரம் பேச்சு போனஸைப் பற்றித்தான் போகும்.

கோயம்புத்தூர் போனால் அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்குள் ஒரு மணி நேரம் போய் வாருங்கள், தம்பிக்குப் பக்கம்தான். 2015இல் திறந்தது. பெயிண்டின் பளபளப்பைப் பார்க்காமல், மோல்டிங் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள், எந்த ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். காலத்துக்குப் பொருந்தாத ஸ்க்ரூ பழைய காரில் கண்ணை உறுத்தும்.

7 டிசம்பர் 2025

கார்க் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்தும் ரப்பர் பீடிங் விஷயம். ரப்பர் பட்டறைக்காரர் ஒரு முறை அச்சை ஓட்டினால் எங்கள் ஒரு வண்டிக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு நீளத்துக்குத்தான் ஓட்டுவார். அதனால் ஆறேழு பேர் சேர்ந்து அச்சுக் கூலியைப் பங்கு போட்டுக்கொண்டோம். அச்சு என் வீட்டில் இருக்கிறது, யாருடைய சொத்தும் இல்லை. ரப்பர் கூலியை மட்டும் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். எத்தனால் தாங்கும் பம்ப் டயாஃப்ரமும் இதே மாதிரி மொத்தமாக வரவழைத்தது, இன்னும் மிச்சம் இருக்கிறது.

மார்க் 2 முன்கண்ணாடிக்கு அளவு இருக்கிறது. மார்க் 3 பின்கதவு பீடிங்குக்குத்தான் இரண்டு பேர் இரண்டு அளவு சொல்கிறார்கள். இனி அளவு அனுப்புகிறவர்கள் நூலால் எடுத்து அனுப்பாதீர்கள், நூல் இழுபடும். பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டி கூரியரில் போடுங்கள். காய்ந்து நொறுங்கியிருந்தாலும் பரவாயில்லை, குறுக்குவெட்டு தெரிந்தால் போதும்.